பெரியய்யாவின் பிண வேஷம்

கால் கட்டைவிரலைக் கிள்ளினேன். அசையவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நகம் பதிகிற மாதிரி இன்னொரு தடவை கிள்ளினேன்.

"போதும். எந்திரிங்க" என்று பாயோரம் குனிந்து முணுமுணுத்தேன். என் வாய்க்கும் அந்தப் பாதத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

கிள்ளினால் எழுந்துவிட வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

தலைமாட்டில் என்னைப் பெற்ற அய்யா உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். வீடு நிறையச் சனம். மாரில் அடித்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் அத்தைகூடக் கையை நிறுத்திவிட்டு அய்யாவின் பாட்டைக் கேட்டாள். பாயில் கிடந்தவர் அய்யாவோடு கூடப்பிறந்த அண்ணன் முத்தழகு. எனக்குப் பெரியய்யா. அவர் சாகவில்லை, சும்மா கிடக்கிறார் என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மூன்றாவது தடவையும் கிள்ளினேன்.

இது எங்கிருந்து ஆரம்பித்தது என்றால், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசிக் களரித் திருவிழாவிலிருந்து. அப்போது எனக்கு மூன்று வயது. எனக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் சிக்கல் ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள்.

சுதந்திரம் வந்து வருகிற முதல் களரி என்று சாமி பந்தலுக்கு முன்னால் ராத்திரி பூரா நாடகம் போட்டார்கள். ஒரே கண்மாயில் தண்ணீர் பாய்கிற இரண்டு குடும்பம். மடை திறப்பதில் மூன்று தலைமுறையாக வெட்டு குத்து. அந்த வீட்டுப் பையனும் இந்த வீட்டுப் பெண்ணும் பிரியப்பட்டுவிடுகிறார்கள். பெண்ணுக்கு வேறு இடத்தில் பரிசம் போட வருகிறார்கள். அவள் ஒரு பச்சிலைச் சாற்றைக் குடித்துவிட்டுச் செத்த மாதிரி கிடக்கிறாள். விஷயத்தைப் பையனிடம் சொல்லப் போன ஆள் வழியில் தாமதித்துவிடுகிறான். பையன் நிஜமென்று நம்பி ஓடிவந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து விடியவிடியப் பாடி, விஷம் குடித்துச் செத்துப்போகிறான். அப்புறம் அவள் கண் விழிக்கிறாள்.

ராஜபார்ட் என் அய்யா தனுஷ்கோடி. ஸ்திரீபார்ட் பெரியய்யா. அண்ணனும் தம்பியும் காதலர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் வேஷம் கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

விடிகிற நேரம். பெரியய்யா சவுரி முடியும் சரிகைச் சேலையுமாகச் செத்துக் கிடக்கிறார். அய்யா தலைமாட்டில் உட்கார்ந்து உருகி உருகிப் பாடுகிறார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுகிறார்கள். அப்போது பெட்ரமாக்ஸ் விளக்கில் மோதிய ஒரு வண்டு நேராக வந்து பெரியய்யாவின் ரவிக்கைக்குள் விழுந்தது. பிணம் நெளிந்தது. அப்புறம் பிணம் சொறிந்தது. அப்புறம் பிணம் தாங்க முடியாமல் சிரித்துவிட்டது. ஊரே சிரித்தது. முன்வரிசையில் இருந்த நாட்டாண்மை சிரித்துச் சிரித்துக் கட்டிலோடு சாய்ந்தார் என்கிறார்கள்.

அய்யா சிரிக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். சாமி பந்தலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ நெசமாச் செத்தாத்தான் இனி ஒனக்கு அழுவேன். அதுவரைக்கும் ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

களரியில் சொன்ன சொல்லை ஆளால் திரும்ப வாங்க முடியாது. சாமி காதில் விழுந்துவிட்டது என்பார்கள். மறுநாளே அய்யாவுக்குக் கோபம் தணிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தணிந்து என்ன செய்வது? சொல் சொல்தான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அதனால் மாட்டிடமும் ஆட்டிடமும் சொல்கிற மாதிரிப் பேசிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் அய்யா எங்கள் மயிலைக் காளையின் கழுத்தைத் தடவியபடி, "நாளைக்கு மேமடை தொறக்கிறாகளாம், தெரிஞ்சு வச்சுக்க" என்பார். அந்தப் பக்கம் பெரியய்யா தன் ஆட்டிடம், "எனக்கு நேத்தே தெரியும்னு சொல்லு" என்பார். ஒரு தடவை ஆடு கத்திவிட்டது. "பாரு, அதுவே சொல்லுது" என்றார் பெரியய்யா. சுவருக்கு இந்தப் பக்கம் அய்யா வாயைப் பொத்திக்கொண்டு வைக்கோற்போருக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன்.

நான் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. பெரியய்யாவுக்கும் ராக்குப் பெரியம்மாவுக்கும் குழந்தை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கொல்லை வேலியில் இருக்கிற சந்து வழியாக நுழைந்து அங்கே போய்விடுவேன்.

போன மாதம் பெரியய்யா பரமக்குடிக்கு டாக்டரைப் பார்க்கப் போய்வந்தார். "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "நெஞ்சுக்குள்ள கொஞ்சம் காத்துப் புகுந்திருக்காம். சன்னலைச் சாத்தி வைக்கச் சொன்னாரு" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

போன வாரம் திடீரென்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஏத்தா மயிலு, ஒங்கய்யன் அன்னைக்கு என்ன சொன்னான்?"

"நீங்க செத்தாத்தான் வருவேன்னாரு."

"செத்துட்டுத் திரும்ப எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னானா?"

"அதச் சொல்லல."

"அம்புட்டுத்தான். செத்துக் காட்டிருவோம். அவன் உள்ள வந்து அழுதுட்டான்னா சத்தியம் தீந்துச்சு. அப்பறம் நான் எந்திரிச்சு அவன் கையப் பிடிச்சுக்கிருவேன். என்ன பண்ணுவான்?"

"சாமி கோவிச்சுக்காதா?"

"சாமிக்கு நாடகம்னா உசுரு. இல்லாட்டி வருசா வருசம் ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு ஏன் பாக்குது?"

"அய்யாவுக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுருவாரு."

"தெரியக் கூடாது. பாக்கிறவனுக்குத் தெரியணும், அழுகிறவனுக்குத் தெரியக் கூடாது. நாடகத்துல உள்ள சூட்சுமமே அதுதான்."

"பாக்கிறவன் யாரு?"

"நீதான். ஒரே ஒரு டிக்கெட்டு."

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். பிணமாகக் கிடப்பதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேஷம் என்றார். மல்லாந்து படுத்தால் வயிறு ஏறி இறங்குவது தெரிந்துவிடும், அதனால் மேலே ஒரு துண்டைக் கொசுவிப் போட வேண்டும். மூச்சை மூக்கால் இழுக்கக் கூடாது, உதட்டைக் கொஞ்சம் பிரித்து நூல் மாதிரி விட வேண்டும். கண்ணை இறுக்கி மூடினால் தூங்குகிறவன்; இமையை லேசாகத் தொங்கவிட்டால்தான் செத்தவன். எல்லாம் சரியாகத்தான் செய்தார். நான் அய்யா மாதிரி தலைமாட்டில் உட்கார்ந்து "அண்ணே" என்று இழுத்தேனோ இல்லையோ, வயிறு குலுங்க ஆரம்பித்துவிடும்.

"ஒங்களுக்குப் பிணவேஷம் சரிப்படாது பெரியய்யா."

"நீ அழுகிறது நல்லால்ல. அவன் அழுதா நான் சிரிக்க மாட்டேன்."

"அன்னைக்கு அவர்தான அழுதாரு."

அவர் துண்டை எடுத்து உதறித் திரும்பக் கொசுவினார். "அன்னைக்கு வண்டு" என்றார்.

இன்று காலையில் ராக்குப் பெரியம்மா மிளகாய் பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். மத்தியானம்தான் வருவாள். அவள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது திட்டம். பெரியய்யா கஞ்சி குடித்தார். வெளுத்த வேட்டி கட்டினார். மீசையைத் தண்ணீர் தொட்டு நீவிவிட்டார். செத்தவன் மீசையை நீவுவானா என்று கேட்டேன். "சாகப்போறவன் நீவுவான்" என்றார். பாயில் படுத்து, துண்டைக் கொசுவிப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மூக்குல பஞ்சு வைக்க மட்டும் விட்டுறாத. தும்மிருவேன்."

"சரி."

"வெரசா அவனக் கூட்டியா. வெத்தலை போடணும்."

வேலிச் சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு ஓடினேன். மாட்டுக்கொட்டத்தில் அய்யா இல்லை. கண்மாய்க்கரைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். "என்னடி இப்பிடி முழிக்கிற?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் ஓடினேன். கீழ்மடையில் இல்லை. அங்கே புல்லறுத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் அத்தை, மேல்மடைப் பக்கம் போனதாகக் கைகாட்டினாள். கண்மாய்க்கரை எவ்வளவு நீளம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. தாவணி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நின்று எடுத்தேன். அதில் வேறு நேரம் போனது.

அய்யா மேல்மடையில் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியய்யா..." என்றேன். அழ வேண்டும் என்று பெரியய்யா சொல்லியிருந்தார். ஓடிவந்த மூச்சிரைப்பே அழுகை மாதிரிதான் இருந்தது. "பேச்சு மூச்சில்லாமக் கெடக்காரு."

மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. அய்யா மடையிலிருந்து கரையேறினார்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நெசமாவா?"

அந்த வார்த்தையை ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டினேன்.

அய்யா ஓடவில்லை, நடந்தார். எங்களை வழியில் பார்த்த பிச்சையம்மாள் அத்தைதான் விஷயத்தைக் கேட்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள். அவள் குரலுக்கு ரெண்டு தெரு திரளும். நாங்கள் போய்ச் சேரும்போது பெரியய்யா வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தோட்டத்துக்கும் யாரோ ஓடி, ராக்குப் பெரியம்மாவையும் கூட்டிவந்துவிட்டார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த மிளகாய் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து ரெண்டு மிளகாயைப் பொறுக்கினேன். இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம்தானே, அப்புறம் இவளே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெரியய்யாவை விரட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசற்படியில் அய்யா நின்றார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். படியை ஒரு தடவை பார்த்தார். மிதித்து உள்ளே வந்தார்.

நான் பெரியய்யாவின் முகத்தைப் பார்த்தேன். உதட்டின் இடது ஓரம் லேசாக உள்ளே மடங்கியிருந்தது. சிரிப்பை அடக்கும்போது அவருக்கு அப்படித்தான் மடங்கும். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாவணியை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தேன். தோள் குலுங்கியது. "பச்சப்புள்ள, பாவம், பெரியய்யா மேல உசுரு" என்று யாரோ ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள்.

அய்யா தலைமாட்டில் உட்கார்ந்தார். எடுத்ததும் அழவில்லை. பேசினார். மாட்டிடம் பேசுகிற மாதிரியே, தாழ்ந்த குரலில்.

"அண்ணே. அன்னைக்கு நீ சிரிச்சது தப்பில்ல."

பின்னால் நின்றவர்கள் கேட்பதற்காக முன்னால் நெருங்கினார்கள்.

"நீ சிரிக்கிறதுக்கு முந்தியே சனம் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. எனக்குக் கேட்டுச்சு. நான் சுருதிய விட்டுட்டு எங்கிட்டோ போயிட்டேன். தொண்டை கட்டியிருந்துச்சு. சொன்னா ராசபார்ட்டையும் ஒனக்கே குடுத்துருவாகளோன்னு சொல்லல. ஒன் வண்டு விழுந்துச்சோ, நான் தப்பிச்சேன். பழியத் தூக்கி ஒம்மேல போட்டுட்டேன். பன்னெண்டு வருசமா ஒங்கிட்டச் சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். மாட்டுக்கிட்டக்கூடச் சொல்ல வாய் வரல."

பிறகு பாடினார். அன்றைக்கு மேடையில் பாடியதாகச் சொல்கிற அதே பாட்டு. அய்யா பாடி நான் கேட்டதே இல்லை. ஆரம்பத்தில் குரல் கம்மியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. பெரியம்மா கூரையிலிருந்து கண்ணை இறக்கி அவரைப் பார்த்தாள். ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகவில்லை என்றுதான் நினைக்கிறேன், எனக்குச் சுருதி தெரியாது.

அப்போதுதான் நான் கிள்ளினேன். மூன்று தடவை.

மூன்றாவது தடவை கிள்ளிய இடம் வெளுத்தது, அப்படியே வெளுத்தபடி இருந்தது. ரத்தம் திரும்ப வரவில்லை.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. நாலு பேர் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து தண்ணீர் தெளித்தார்கள்.

நாடி பார்க்க வந்த வைத்தியர் வெளியே வந்ததும் அவர் பின்னாலேயே போனேன்.

"எப்பப் போச்சு உசுரு?"

"காலையில."

"காலையிலன்னா எப்ப? நாங்க வாரதுக்கு முந்தியா, வந்த பிறகா?"

"உள்ளங்கை சில்லுனு இருக்கு, நெஞ்சுல சூடு இருக்கு. எப்பன்னு எப்பிடித்தா சொல்றது? நேரம் குறிச்சு ஜாதகமா எழுதப் போற?" என்று சொல்லிவிட்டு மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

சாவு வீடு என்று சொல்லத்தான். பெரியய்யாவைப் பற்றி யாராலும் முழுசாக அழ முடியவில்லை. பிச்சையம்மாள் அத்தை ஒப்பாரியில், புடைக்க வாங்கிப்போன சொளகைத் திருப்பித் தரவில்லை என்று ஒரு அடி சேர்த்தாள். "அந்தா கூரை எரவாணத்துல சொருகியிருக்கு, எடுத்துக்க" என்றாள் ராக்குப் பெரியம்மா, அழுகையை நிறுத்தாமலே. பொம்பளைகள் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். பெரியம்மா தன் பங்குக்கு, இனித் தினம் ஒரு பொய் சொல்லித் தன்னை எழுப்ப யாரிருக்கிறார்கள் என்று இழுத்தாள். அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

மத்தியானம் கீழக்கரைப் பக்கத்திலிருந்து சீனி முகம்மது மாமா சைக்கிளில் வந்தார். அன்றைய நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். வாசலில் நின்று வாய்க்குள் ஓதிவிட்டு, ஆம்பளைகள் இருந்த பந்தலுக்குக் கீழே அய்யா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தனுஷ்கோடி, இப்பச் சொல்லலாமா வேணாமான்னு தெரியல."

"சொல்லு பாய்."

"அன்னைக்கு நீ சுருதியில ஒரு கட்டை மேல ஏறிட்டப்பா. நான் பொட்டிய வச்சுக்கிட்டு ஒன்னையப் பிடிக்க ஓடுறேன், ஓடுறேன், நீ கண்மாய் தாண்டிப் போய்க்கிட்டே இருக்க. முத்தழகுக்குக் கேட்டுருச்சு. படுத்த மேனிக்கு என்னையப் பாத்து ஒரு கண்ண அடிச்சான். அதுக்கப்புறந்தான் வண்டு."

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். பன்னிரண்டு வருஷம் தள்ளி வந்த சிரிப்பு, அது நிற்கவே ரொம்ப நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு முந்தியே தெரியும்னு சொல்லு" என்றார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்படியென்றால் பெரியய்யா வண்டு வண்டு என்று சொன்னதெல்லாம் அய்யாவைக் காப்பாற்றத்தான். என்னிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

பொழுது சாய எடுத்தார்கள். பிள்ளை இல்லாததால் அய்யாதான் கொள்ளி வைத்தார். திரும்பி வந்து குளித்ததும், பெரியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க கொழுந்தனாரே" என்றாள். அய்யா அந்த வீட்டுத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். ஊரே பார்த்தது. சத்தியம் தீர்ந்தது.

இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத்தான் கண் மூட முடியவில்லை. சாகாத ஆளைச் செத்துப்போனதாக நான் சொன்னேன். சொன்னது பலித்துவிட்டது. டாக்டர் பரமக்குடியில் உண்மையில் என்ன சொன்னார்? சாகப்போவது தெரிந்துதான் பெரியய்யா இந்த நாடகத்தையே போட்டாரா? யாரிடம் கேட்பது? அவர்தான் இல்லையே.

அய்யாவிடம் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். சொன்னால், இந்தத் தடவையும் அண்ணன் பிணவேஷம் கட்டிக்கொண்டு தன்னை அழவைத்தார், மகளும் கூட நின்றாள் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், அண்ணன் பாயில் படுத்துத் தனக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது அந்த உதட்டோரம் மடங்கியிருந்தது. சிரிப்பை அடக்கித்தான் மடங்கியதா, இல்லை, உயிர் போகும்போது எல்லோருக்கும் அப்படித்தான் மடங்குமா? நான் வேறு யாருடைய சாவையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

கயிற்றுக்கட்டில் முனகியது. அய்யாவும் தூங்கவில்லை. முற்றத்தைத் தாண்டி வந்து என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் தலை ஈரம் காயவில்லை.

"தூங்கலையா தாயி?"

"தூக்கம் வரல."

"பயமா இருக்கா?"

"ம்."

"பயப்படாத. நல்ல சாவு. ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கல." என் தலையில் கையை வைத்தார். கை கனமாக அழுத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருமினாள்.

"மயிலு, நீதான முதல்ல பாத்த. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பேசுனது அண்ணனுக்குக் கேட்டிருக்குமா?"